பிரேக்குக்கு எண்ணெய் விட்டவள்

பிரேக் கிறீச்சிடுகிறது என்று பிரேக்குக்கே எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? ஊசியக்காவைக் கேட்டால் சொல்லுவாள். முதலில் சத்தம் போகும். அப்புறம் பிரேக் போகும். அதற்கும் அப்புறம், ஆளைப் பொறுத்து, மானம் போகும். ஊசியக்காவுக்கு முதல் இரண்டும் போயின. மூன்றாவதைப் போக விட மாட்டேன் என்று அவள் நின்றாள் பாருங்கள், அதுதான் இந்தக் கதை.

ஊசியக்கா என்பது சந்துக்காரர்கள் வைத்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடு. கார் நுழையாத சந்துகள் என்பதால் கூடத்தில் நான்கு பேருக்குச் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். பின்னால் கேரியரில் குளிர்ப்பெட்டி, முன்னால் கூடையில் ஊசி, பஞ்சு, ரப்பர் பட்டை. எடுத்த ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் கூடத்துக்கு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் அது வெறும் சிவப்புத் தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடியும் போய் அதே கையில் குத்த வேண்டியதுதான்.

பதினொரு வருடமாக அவளுக்கு இந்த வேலை. அவள் குத்தினால் குத்தினதே தெரியாது என்று பேர். "அந்த அக்காவையே அனுப்புங்க" என்று போன் போட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் பேரையும் அந்தக் காலைச் சுற்றையும் தவிர அவளுக்குப் பெரிதாகச் சொத்து கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றாலே அவளுக்கு உடம்பு அரிக்கும்.

சைக்கிளையும் அவளேதான் பார்த்துக்கொள்வாள். கூடத்துக்கு ஒப்பந்தக் கடை ஒன்று இருந்தது. அங்கே விட்டால் சைக்கிள் இரண்டு நாள் கழித்து, விட்டபோது இருந்த நோயோடேயே திரும்பி வரும். தவிர, நடுச்சந்தில் டயர் இறங்கினால் ஒப்பந்தக் கடையா ஓடி வரும்? இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் ஒரு நாள் இறங்கியது. பெட்டி நிறைய ரத்தத்தோடு முக்கால் மணி நேரம் தள்ளிக்கொண்டு போனாள். போய்ச் சேர்ந்தபோது பாதி ரத்தம் வீணாகியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு ஸ்பேனர் செட்டும் பஞ்சர் ஒட்டுகிற சாமான்களும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினாள்.

ஆரம்பத்தில் அவள் பார்த்த ரிப்பேர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்று பத்தவில்லை, பத்தவில்லை என்று அடித்து அடித்து, மாடிப்படிக்கு அடியில் டியூப் வெடித்து, மூன்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். இன்னொரு தரம் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டுப் பார்த்தால், தரையில் ஒரு வாஷர் மிச்சம். அது எங்கே இருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் கை பழகிவிட்டது. அதற்கப்புறம் வழியில் நின்று ஒரு நாள்கூட அவளுடைய பெட்டி தாமதமானதில்லை.

இந்த நிலைமையில்தான் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. சும்மா கிறீச்சல்ல. சந்து முனையில் அவள் பிரேக்கைத் தொட்டால் சந்துக் கடைசி வீட்டில் சட்டைக் கையை மடித்துவிடுவார்கள். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தையல் மிஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிரேக் கட்டை ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு. சக்கர விளிம்பு நெடுக ஒரு கோடு. விட்டதோடு நிற்கவில்லை, விரலால் அழகாகத் தேய்த்தும் விட்டாள். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்தி, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து கேளுங்க."

வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் வந்து காதைக் கொடுத்தார். "ஒண்ணும் கேக்கலையே?"

"அதான்!" என்றாள் ஊசியக்கா.

"பரவால்லையே," என்று தலையாட்டிவிட்டுப் போனார் அவர்.

திங்கட்கிழமை காலை, முதல் வீட்டைத் தாண்டிப் போய் இரண்டாவது வீட்டு வாசலில்தான் சைக்கிள் நின்றது. எண்ணெய் விட்டதில் வண்டி என்ன சுகமாக ஓடுகிறது என்று அவள் உள்ளுக்குள் மகிழ்ந்துபோனாள். இதை அவள் பிற்பாடு தானே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். சமதளம் என்பதால் காலை ஊன்றி ஊன்றி எப்படியோ பத்து வீட்டையும் முடித்துவிட்டாள். கூடத்துக்கு வருகிற பாதை மட்டும் இறக்கம். அதில் பாதி வரும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினாள். வலித்தது விரல்தான். சக்கரம் பாட்டுக்குச் சக்கரம் ஓடியது.

கூடத்து வாசலில் 'மெதுவாக வரவும்' என்று ஒரு பலகை இருந்தது. அதன்மேல்தான் போய் மோதினாள். முட்டி இரண்டும் சிராய்த்தது, அது போகட்டும். குளிர்ப்பெட்டி பறந்து, மூடி திறந்து, ரத்தக் குழாய்கள் சாலையில் உருண்டன. பின்பக்கமாக வந்துகொண்டிருந்த சாமான் வண்டி ஒன்று, பாவம், வண்டிக்காரனுக்கு என்ன தெரியும், அவற்றின் மேல் ஏறிவிட்டது. ஒன்பது குழாய்கள். ஏழு பேருடைய ரத்தம்.

மேலாளர் வெளியே ஓடி வந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. பயந்த மனிதர். கூடத்தின் பேருக்கு ஒரு கீறல் விழுந்தால் தன் தோலில் விழுந்த மாதிரி துடிப்பார். சாலையைக் கழுவச் சொன்னார், அவளுடைய முட்டிக்கு மருந்து போடச் சொன்னார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்த ஏழு வீட்டுலயும் ரத்தம் உறைஞ்சுபோச்சுன்னு சொல்லி மறுபடி எடுத்துட்டு வந்துடுங்க. சகஜமா நடக்கறதுதானே? யாரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

ஊசியக்கா வேறு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். முதல் வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை. காலையில் அதற்கு நரம்பு கிடைக்காமல், கொஞ்சிக் கொஞ்சி எடுத்திருந்தாள். அவளை வாசலில் பார்த்ததும் குழந்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. ரத்தம் உறைந்துவிட்டது என்று சொல்லலாம். யார் செய்த தப்பும் இல்லாமல், ரத்தமே செய்த தப்பாகப் போய்விடும். அந்தக் கை மறைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"என் தப்புங்க," என்றாள் குழந்தையின் அம்மாவிடம். "பிரேக்குக்கு எண்ணெய் விட்டுட்டேன். பிரேக் பிடிக்கல, விழுந்துட்டேன், குழாய் நசுங்கிப்போச்சு. பாப்பாவ மறுபடி குத்தணும். மன்னிச்சிடுங்க."

அந்த அம்மாள் திட்டினாள். திட்ட வேண்டியதுதானே. ஊசியக்கா முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டு, அப்புறம் குழந்தையின் கையைக் கெஞ்சி வாங்கினாள். ஏழு வீட்டிலும் இதையே சொன்னாள். இரண்டு வீட்டில் திட்டு, நான்கு வீட்டில் "சரி, எடுங்க", ஒரு வீட்டில் சிரிப்பு. சிரித்த மனிதர் சும்மா இருக்கவில்லை. கூடத்துக்குப் போன் போட்டு, "உங்க ஆளு பிரேக்குக்கு எண்ணெய் விட்டாங்களாமே! பரிசோதனைக்கூடமா, பலகாரக்கடையா?" என்று கேட்டுவிட்டார்.

அது போதும். செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் தட்டச்சு அடித்த தாள் ஒன்று தயாராக இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மேலே எழுதியிருந்ததை ஊசியக்கா இரண்டு தரம் படித்தாள். நடந்ததற்கு வருந்துகிறேன் என்றிருந்தது, சரி. 'இனிமேல் சைக்கிளில் எந்தப் பழுதும் பார்க்க மாட்டேன், எந்தக் கருவியையும் தொட மாட்டேன் என உறுதி கூறுகிறேன்' என்றும் இருந்தது.

"முதல் வரிக்குக் கையெழுத்து போடறேன் சார்," என்றாள். "ரெண்டாவதுக்கு மாட்டேன்."

"ஏம்மா? கடை எதுக்கு இருக்கு? அவசரம்னா உங்க வீட்டுக்காரர்கிட்டயாவது குடுங்களேன். அவரு மெக்கானிக்தானே?"

"அவரு கடிகாரம் பாக்கறவரு சார். எண்ணெய் விட்டப்ப பக்கத்துல நின்னு பரவால்லைன்னு சொன்னவரே அவருதான்."

மேலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டு இல்லம்மா இது. ஏழு பேர ரெண்டு தரம் குத்தியிருக்கோம்."

"நான்தான் சார் குத்தினேன். நீங்க இல்ல." அவளுடைய குரல் கொஞ்சம் ஏறியது. "அந்தப் பாப்பா கைய என்னால மறக்க முடியல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் இங்க வேலைக்குச் சேந்தப்ப ஊசி குத்தக் கத்துக்கிட்டேன்ல? எத்தன கையில நீலம் பாஞ்சுது? எத்தன பேர் என்னப் பாத்துட்டு வேற ஆள் இல்லையான்னு கேட்டாங்க? அப்ப நீங்க இனி ஊசியத் தொட மாட்டேன்னு என்கிட்ட எழுதி வாங்கலையே. இன்னும் நல்லா குத்துன்னுதானே சொன்னீங்க?"

"அது உங்க வேலை."

"இதுவும் என் வேலதான். வழியில நின்னுபோனா நான்தான் அங்க நிக்கறேன்."

மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். "மத்த மூணு பேரும் ஒழுங்காக் கடையில குடுத்துதான் ஓட்டறாங்க. இந்த மாதிரிக் கூத்து யாரும் பண்ணல. நீங்க மட்டும்தான். இல்ல, வேற யாராவது பண்ணியிருக்காங்கன்னா சொல்லுங்க, எல்லாருக்கும் பொதுவா ஒரு உத்தரவு போட்டுடறேன். உங்களத் தனியா எழுதச் சொல்ல மாட்டேன்."

இங்கேதான் ஊசியக்காவுக்குச் சோதனை. நெட்டை என்று ஒருவன், கூட வேலை பார்க்கிறவன். அவன் சைக்கிளில் செய்து வைத்த ஒரு காரியம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா என்று அவன் கும்பிட்டுக் கேட்டிருந்தான். பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பேர் சொன்னால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும். அவள் அதை விழுங்கினாள்.

"மத்தவங்கள மத்தவங்ககிட்டயே கேளுங்க சார். நான் என்னோடதச் சொல்லிட்டேன்."

"அப்ப கையெழுத்து போடுற வரைக்கும் கவுண்டர்ல உக்காருங்க. சுத்து கிடையாது."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது நெட்டை, குழாய்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவனுடைய முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் யோசனை சொன்னார். "கையெழுத்துதானே, போட்டுடு. அப்புறம் இங்க வீட்டுல கதவச் சாத்திட்டு நீ பாட்டுக்கு ரிப்பேர் பண்ணிக்கோ. எவன் வந்து எட்டிப் பாக்கப் போறான்?"

"கதவ ஏன் சாத்தணும்?"

"யாரும் பாக்காம இருக்கத்தான்."

"அதான் கேக்கறேன், யாரும் பாக்காம நான் ஏன் பண்ணணும்? என் சைக்கிளுக்குக் காத்து அடிக்க நான் திருடி மாதிரி பதுங்கணுமா?" அவள் தட்டைச் சத்தமாக வைத்தாள். "வழியில செயின் கழண்டுச்சுன்னா அங்க எந்தக் கதவச் சாத்துவேன்? யாராவது பாத்துடுவாங்கன்னு பெட்டியோட சும்மா நிக்கணுமா?"

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"தெரியாது. கையெழுத்து போட மாட்டேன். அது மட்டும் தெரியும்."

வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் தலையாட்டினேன்ல அன்னைக்கு," என்றார். "வேணும்னா என் பேரையும் எழுதிக்கோ." ஊசியக்காவுக்குக் கோபத்துக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

புதன்கிழமை அவள் கவுண்டரில் உட்கார்ந்தாள். மேஜைமேல் யாரோ சின்ன எண்ணெய்க் குப்பி ஒன்றை வைத்து அதற்கு ரிப்பனும் கட்டியிருந்தார்கள். கூடச் சுற்றுகிற மாப்பிள்ளையின் வேலையாக இருக்கும். எந்நேரமும் மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு அலைவதால் அவனுக்கு அந்தப் பேர். குப்பியை அவள் ஒளித்து வைக்கவில்லை. ரிப்பனோடு அப்படியே கவுண்டரில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். "இது என்னங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நான் பிரேக்குக்கு எண்ணெய் விட்டேன், அதுக்கு எங்காளுங்க குடுத்த பரிசு," என்று பதில் சொன்னாள். பத்துப் பேரிடம் சொன்னதும் மாப்பிள்ளையே வந்து குப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. "இன்னைக்கு வந்தவரு கைய ஓட்டை போட்டுட்டாருங்க. அந்த அக்காவையே அனுப்புங்க."

"அந்த அக்காதாங்க பேசறேன்," என்றாள் ஊசியக்கா. "என்னைக் கவுண்டர்ல போட்டிருக்காங்க. ஏன்னா, நான் பிரேக்குக்கு எண்ணெய் விட்டேன்."

சொல்லும்போதெல்லாம் வாய் கசந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் பின்பக்க ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அவளுடைய சைக்கிள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஒப்பந்தக் கடைக்குப் போயிருந்தது. அங்கே நின்று கொஞ்சம் அழுதாள். அந்தச் சந்துகள், விடிகிற நேரத்துக் காற்று, தூக்கக் கலக்கத்தோடு கை நீட்டுகிற மனிதர்கள், எல்லாம் ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்தன. போட்டுவிட்டால் நாளைக்கே போகலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட மாட்டேன்," என்று காலி இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால். மேலாளர் அன்றைய வீடுகளின் பட்டியலைக் கொடுப்பதற்காக மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா கவுண்டரைத் திறக்க வந்தவள், தன் கையால் எழுதிய தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுப்பதற்குள் இன்னும் மூன்று தாள்கள் அதன்மேல் வந்து விழுந்தன. நெட்டை, மாப்பிள்ளை, அவர்களுக்குப் பின்னால் சித்தப்பா. சித்தப்பா என்றால் யாருக்கும் உறவு முறையில் சித்தப்பா இல்லை. நால்வரில் மூத்தவர், பதினேழு வருடமாகச் சுற்றுகிறவர், மேலாளரே அவரை நிமிர்ந்து பார்த்துத்தான் பேசுவார்.

"என்ன இது?"

"விளக்கக் கடிதம் சார்," என்றார் சித்தப்பா. "படிச்சுட்டு நாங்க இன்னைக்குச் சுத்துக்குப் போலாமா, கவுண்டர்ல உக்காரலாமான்னு சொல்லிடுங்க."

மேலாளர் முதல் தாளை எடுத்தார். அது நெட்டையுடையது. அவர் தன்னை மறந்து உரக்கவே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

'ஐயா, என் சைக்கிளின் இடது பெடல் ஆடியது. நான் அதை வழக்கமாக முடுக்குகிற பக்கமாக முடுக்கினேன். இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் என்பது எனக்குத் தெரியாது. முடுக்க முடுக்க அது கழன்றது. கழன்றதால் இன்னும் பலமாக முடுக்கினேன். மரை முழுவதும் தேய்ந்துபோய்ப் பெடல் கையோடு வந்துவிட்டது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல், இரண்டு வாரம் வலது காலால் மட்டும் மிதித்து ஓட்டினேன். தாங்கள் கேட்டபோது இடது முட்டியில் வலி என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். அந்த முட்டிக்கு ஒன்றும் இல்லை.'

"நான் உனக்கு டாக்டர் நம்பர்லாம் குடுத்தேனே!" என்றார் மேலாளர்.

"போய்ட்டும் வந்தேன் சார். எக்ஸ்ரே எடுத்தாங்க. ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

இரண்டாவது மாப்பிள்ளையின் தாள். டியூபில் ஓர் ஓட்டை. டயரை நெம்பிக் கழற்ற அவன் சமையலறையில் இருந்து முள்கரண்டி எடுத்துப் போயிருக்கிறான். ஓட்டையை ஒட்டி முடித்து மாட்டும்போது முள்கரண்டி மேலும் நான்கு ஓட்டைகளைப் போட்டிருக்கிறது, வரிசையாக, அளவெடுத்த மாதிரி. 'மேற்படி நான்கு ஓட்டைகளும் ஒரு வாடிக்கையாளர் வீட்டு முள்கம்பியால் ஏற்பட்டவை என்று தங்களிடம் புகார் செய்தேன். தாங்கள் அந்த வீட்டுக்குப் போன் செய்து கண்டித்தீர்கள். அவர்கள் வேறு கூடத்துக்குப் போய்விட்டார்கள்.'

மேலாளர் தாளைக் கவிழ்த்து வைத்தார். அவருடைய காது சிவந்துவிட்டது. மூன்றாவதை எடுப்பதற்கு முன்னால் சித்தப்பாவைப் பார்த்தார். "நீங்களுமா?"

"படிங்க சார்."

சித்தப்பா சுருக்கமாக எழுதியிருந்தார். முன்சக்கரத்தைத் தாங்குகிற கவட்டையைக் கழற்றிக் கிரீஸ் வைத்துவிட்டு, திருப்பி மாட்டும்போது முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிட்டார். அப்படியே ஒன்பது மாதம் ஓட்டியிருக்கிறார். திருப்பத்தில் எல்லாம் கால் பெருவிரல் சக்கரத்தில் இடித்தது. 'இந்த வயதில் கால் வளர்கிறது போலும் என்று எண்ணி, ஒரு அளவு சின்னதாகச் செருப்பு வாங்கினேன். தவறைக் கண்டுபிடித்தது என் மனைவி, கூடத்தின் பத்தாம் ஆண்டு விழாப் படத்தைப் பார்த்து. அந்தப் படம் தங்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.'

மேலாளர் நாற்காலியோடு திரும்பினார். சட்டம் போட்ட படம், அவர் தலைக்கு நேர் மேலே. மாலையும் கழுத்துமாக நிறுவனர், பக்கத்தில் மேலாளர், ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சித்தப்பா. எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். கவட்டை பின்பக்கமாக வளைந்திருந்தது. தெரிந்த பிறகு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை.

"எட்டு வருஷமா இது இங்க மாட்டியிருக்கு," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"ஆமா சார். நானும் தினமும் பாத்துட்டுத்தான் போறேன்."

மேலாளரின் தோள் குலுங்கியது. அடக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துத் திரும்பியபோது முகத்தை இறுக்கிக்கொண்டார். "சரி. இத்தன நாள் வாயத் திறக்காதவங்க, இப்ப எதுக்கு எல்லாரும் வந்து சொல்றீங்க?"

நெட்டைதான் பதில் சொன்னான். "அக்காவுக்கு என் கதை தெரியும் சார். அன்னைக்கு நீங்க கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவங்க தப்பிச்சிருக்கலாம். சொல்லல. நான் வெளியில நின்னு கேட்டுட்டு இருந்தேன். ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

"நாங்க மறைச்சோம், சுத்துக்குப் போறோம். அவ சொன்னா, கவுண்டர்ல உக்காந்திருக்கா," என்றார் சித்தப்பா. "சொன்னவங்களுக்குத்தான் தண்டனைன்னா, இப்ப நாங்களும் சொல்லியாச்சு. நாலு நாற்காலி போடச் சொல்லுங்க."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடித்துப் பத்து நிமிடம். நாற்பத்தொரு வீடு பட்டியலில் இருந்தது. நாற்பத்தொரு வீட்டிலும் யாரோ ஒருவர் வெறும் வயிற்றோடு உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியாக ஊசியக்காவின் தாளை எடுத்தார். இதை மட்டும் மனதுக்குள் படித்தார்.

'ஐயா, பிரேக்குக்கு எண்ணெய் விட்டது நான். ஏழு பேரை இரண்டாம் முறை குத்த வைத்தது நான். இனிமேல் பிரேக்குக்கு எண்ணெய் விட மாட்டேன். கிளம்புவதற்கு முன் தினமும் வாசலில் பிரேக்கைச் சோதித்துக் காட்டுவேன். வேறு தப்பே செய்ய மாட்டேனா என்று கேட்டால், செய்வேன். செய்தால் நானே வந்து சொல்வேன். சைக்கிளைத் தொட மாட்டேன் என்று மட்டும் எழுதித் தர மாட்டேன்.'

"மறுபடியும் ஒரு குழாய் உடைஞ்சா?" என்று கேட்டார்.

"உடைஞ்சா அந்த வீட்டுக்கு நான்தான் சார் போவேன். உறைஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன்."

மேலாளர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சொல் அவருக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டுவிட்டது. போன் அடித்தது. எடுத்தார். எதிர்ப்பக்கத்தில் யாரோ, பசி தாங்கவில்லை, இன்னும் ஆள் வரவில்லையே என்று சத்தம் போட்டது எல்லோருக்கும் கேட்டது. "கிளம்பிட்டாங்கம்மா, கிளம்பிட்டாங்க," என்றவர், ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு மறு கையால் பட்டியல்களை எடுத்து நீட்டினார். நான்கு பட்டியல். தட்டச்சு அடித்த அந்தத் தாளை அவர் கிழிக்கவில்லை, பெரிய மனது பண்ணியதாகப் பேசவும் இல்லை. இழுப்பறையில் போட்டு மூடினார், அவ்வளவுதான்.

ஊசியக்கா ஷெட்டுக்கு வந்தாள். ஒப்பந்தக் கடையில் இருந்து சைக்கிள் வந்திருந்தது. புதுப் பிரேக் கட்டைகள், புது மணி, துடைத்த சக்கரம். மற்றவர்கள் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். பிடித்தது, ஆனால் கைப்பிடி பாதி தூரம் உள்ளே போன பிறகுதான் பிடித்தது. இறக்கத்துக்கு அது போதாது. கூடையில் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முற்றத்து நடுவில் வந்து குந்தினாள்.

மேலே ஜன்னல் திறந்தது. "என்னம்மா, நேரமாச்சு! கடையில பாத்துதானே அனுப்பியிருக்காங்க?"

"அவங்க பாத்துட்டாங்க சார்," என்றாள் அவள். "நான் இன்னும் பாக்கல."

திருகைத் திருப்பினாள். தப்பான பக்கம். இருந்த பிடியும் தளர்ந்து, பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு விலகிப் போனது. நெட்டை ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தான், மாப்பிள்ளை பார்த்தான், சித்தப்பா பார்த்தார், ஜன்னலில் மேலாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். போன வாரம் என்றால் ஊசியக்கா உடம்பால் அதை மறைத்துக்கொண்டிருப்பாள்.

"தப்பு!" என்றாள் சத்தமாக, ஜன்னல்வரை கேட்கிற மாதிரி. "இந்தப் பக்கம் இல்ல."

அப்புறம் மறுபக்கம் திருப்பினாள், அவசரப்படாமல், எல்லோரும் பார்க்கும்படியாக.